யார் இந்த மார்செல் ஜேக்கப்ஸ்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021 ஆகஸ்ட் 1 அன்று டோக்கியோவில் ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டி முடிந்த நாள் முதல், தடகளம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. கேட்பவர்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கொடுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

யார் இந்த மார்செல் ஜேக்கப்ஸ்?

லமோண்ட் மார்செல் ஜேக்கப்ஸ், இத்தாலியைச் சேர்ந்த குறுந்தூர ஓட்டக்காரர். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் 100 மீட்டரில் 9.80 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். ஐந்து நாள் கழித்து 4x100 மீட்டர் தொடர் ஓட்டத்திலும் இத்தாலி அணியோடு தங்கம் வென்றார். அந்த 9.80 ஐரோப்பியச் சாதனை. 1992இல் பிரிட்டனின் லின்ஃபோர்ட் கிறிஸ்டி வென்ற பிறகு, ஒலிம்பிக் 100 மீட்டர் தங்கம் ஐரோப்பாவுக்குத் திரும்பியது அன்றுதான்.

இவை தவிர, 2022இல் பெல்கிரேடில் உலக உள்ளரங்கு 60 மீட்டர் தங்கமும், 2022இல் மியூனிக்கிலும் 2024இல் ரோமிலும் ஐரோப்பிய 100 மீட்டர் தங்கமும் அவரிடம் உள்ளன.

பெயரைப் பார்த்தால் அமெரிக்கர்போல் இருக்கிறதே, ஏன் இத்தாலிக்காக ஓடுகிறார்?

தாய் இத்தாலியர், தந்தை அமெரிக்கர். இத்தாலியின் வடகிழக்கில் உள்ள விச்சென்சா நகரில் பெரிய அமெரிக்க ராணுவ முகாம் ஒன்று இருக்கிறது. அங்கே பணியில் இருந்த கறுப்பின அமெரிக்க வீரர் ஒருவருக்கும் உள்ளூர்ப் பெண் ஒருவருக்கும் ஏற்பட்ட பழக்கம் திருமணத்தில் முடிந்தது. இருவரும் டெக்சாஸ் சென்றார்கள். 1994 செப்டம்பர் 26 அன்று எல் பாஸோ நகரில் மார்செல் பிறந்தார்.

குழந்தை பிறந்த கொஞ்ச காலத்திலேயே தந்தைக்குத் தென்கொரியாவுக்கு மாற்றல் வந்தது. தாய் உடன் செல்லவில்லை. கைக்குழந்தையோடு சொந்த நாட்டுக்குத் திரும்பி, கார்தா ஏரிக்கரையில் உள்ள டெசென்சானோவில் மகனை வளர்த்தார். ஆகவே பெயரும் பிறந்த ஊரும் அமெரிக்காவுக்கு உரியவை. பேசிய மொழி, படித்த பள்ளி, ஓடப் பழகிய மைதானம் எல்லாம் இத்தாலியில்தான்.

அமெரிக்க அணியில் இடம் கிடைக்காது என்பதால்தானே இத்தாலிக்கு மாறினார்?

இந்தச் சந்தேகத்தைத்தான் நான் அதிகம் கேட்கிறேன், அதனால் அழுத்தமாகவே சொல்கிறேன்: அவர் எங்கிருந்தும் எங்கும் மாறவில்லை. டெக்சாஸ் மண்ணில் பிறந்ததால் அமெரிக்கச் சட்டப்படி அமெரிக்கக் குடிமகன். இத்தாலியத் தாய்க்குப் பிறந்ததால் இத்தாலியச் சட்டப்படி பிறந்த கணத்திலிருந்தே இத்தாலியக் குடிமகன். பத்து வயதில் டெசென்சானோவில் தடகளப் பயிற்சிக்குப் போகத் தொடங்கியவர், இத்தாலிய வயதுப் பிரிவுப் போட்டிகள் வழியாகப் படிப்படியாக மேலே வந்தார். அமெரிக்கச் சீருடையை அவர் அணிந்ததே இல்லை.

ஒரு நாட்டுக்காக ஓடிவிட்டு இன்னொரு நாட்டுக்கு மாறுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உலகத் தடகளக் கூட்டமைப்பு காத்திருப்புக் காலம் உட்படத் தனி விதிகள் வைத்திருக்கிறது. ஜேக்கப்ஸ் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார். அணியில் இடம் தேடி நாடு மாறியவர்களோடு அவரைச் சேர்த்துப் பேசுவது, தனியாளாக நின்று அவரை வளர்த்த தாயின் வாழ்க்கையை இல்லாததாக்குவது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

தந்தையோடு தொடர்பே இல்லையா?

நீண்ட காலம் ஏறக்குறைய இல்லை. தந்தையை அறியாமல் வளர்ந்ததைப் பற்றி ஜேக்கப்ஸ் தானே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். டோக்கியோவுக்கு முந்தைய காலத்தில் நிக்கொலெத்தா ரோமனாத்சி என்ற மனப் பயிற்சியாளரோடு வேலை செய்யத் தொடங்கினார். பெரிய போட்டிகளில் கால்கள் கனத்துப் போகும் உணர்வுக்குக் காரணம் தேடியபோது, பேச்சு தந்தையிடம் வந்து நின்றது. அவரைத் தொடர்பு கொள்ளும்படி அந்தப் பயிற்சியாளர் தூண்டினார். தந்தையும் மகனும் செய்திகள் பரிமாறத் தொடங்கினார்கள்.

தந்தையோடு பேசியதால் தங்கம் கிடைத்தது என்று சிலர் கதை எழுதினார்கள். அது மிகை. ஆனால் மனத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியது என்று ஜேக்கப்ஸே சொல்கிறபோது, அதை மறுக்க நமக்கு என்ன உரிமை?

முதலில் அவர் நீளம் தாண்டுபவராமே, உண்மையா?

உண்மை. சிறுவயதில் ஓட்டத்தில் தொடங்கியவரை முதல் பயிற்சியாளர் 2011 வாக்கில் நீளம் தாண்டுதலுக்குத் திருப்பினார். பிறகு 2001இல் மும்முறை தாண்டுதலில் உலக உள்ளரங்கு வெற்றியாளரான பவ்லோ கமோஸ்ஸியிடம் சேர்ந்தார். முதலில் கொரிசியா நகரில், பின்னர் ரோமில் பயிற்சி. அந்தக் காலத்தில் அவரை அறிந்தவர்களுக்கு அவர் தாண்டுபவர்தான். 100 மீட்டர் துணைப் போட்டி.

2016இல் பிரெஸ்ஸனோனே நகரில் 23 வயதுக்குட்பட்டோருக்கான இத்தாலியப் போட்டியில் 8.48 மீட்டர் தாண்டினார். அப்போது இத்தாலியின் தேசியச் சாதனை 8.47. அதை வைத்திருந்தவர் ஆண்ட்ரூ ஹவ், 2007 ஒசாகா உலகப் போட்டியில் வெள்ளி வென்றவர். ஜேக்கப்ஸ் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகத் தாண்டியும் சாதனைப் பட்டியலில் பெயர் ஏறவில்லை. காரணம் காற்று. பின்னாலிருந்து வீசும் காற்று வினாடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் இருந்தால் போட்டி முடிவு செல்லும், சாதனை செல்லாது. அன்று காற்றின் வேகம் 2.8. விதிக்குட்பட்ட அவருடைய மிகச் சிறந்த தாண்டல், உள்ளரங்கில் 2017இல் எடுத்த 8.07.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். அந்த ஹவ் பிறந்தது லாஸ் ஏஞ்சலஸில். சிறுவனாக அமெரிக்கத் தாயோடு இத்தாலியின் ரியெத்தி நகருக்கு வந்து வளர்ந்தவர். இத்தாலியத் தடகளத்தில் அமெரிக்காவோடு வேர் பகிர்ந்தவர் ஜேக்கப்ஸுக்கு முன்பே இருந்தார்.

தாண்டுபவர் திடீரென்று ஓட்டக்காரராக மாற முடியுமா?

நீளம் தாண்டுதலின் அடிப்படையே வேகம்தான். ஓடி வரும் வேகம் குறைந்தால் எவ்வளவு உந்தினாலும் எட்டு மீட்டர் வராது. கார்ல் லூயிஸ் 1984, 1988 இரண்டு ஒலிம்பிக்கிலும் 100 மீட்டர், நீளம் தாண்டுதல் இரண்டிலும் தங்கம் வென்றவர். ஆகவே இரண்டு துறைகளும் அந்நியமானவை அல்ல.

உடலுக்குத்தான் இது கடினம். தாண்டும் பலகையில் ஒற்றைக் காலை ஊன்றும் அந்த நொடிப்பொழுதில் உடல் எடையைப்போலப் பல மடங்கு விசை முழங்காலில் இறங்குகிறது. ஜேக்கப்ஸுக்குக் காயம் மேல் காயம் வந்தது. 2019இல் தாண்டுதலை விட்டுவிட்டு ஓட்டத்தில் மட்டும் இறங்கினார். ஆண்டுகள் பல செலவிட்ட துறையை, அதுவும் தேசியச் சாதனையைத் தொட்டுத் தவறவிட்ட துறையை, இருபத்து நான்கு வயதில் கைவிட்டார். அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது. கமோஸ்ஸியும் பாராட்டுக்குரியவர். தாண்டுதல் பயிற்சியாளரான அவர், மாணவனோடு சேர்ந்து தானும் குறுந்தூர ஓட்டத்தைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

டோக்கியோவுக்கு முன் இவர் பெயரை யாருமே கேள்விப்பட்டதில்லையே?

நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் 100 மீட்டர் பார்ப்பவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆண்டுவாரியாகப் பாருங்கள்: 2018இல் 10.08, 2019இல் 10.03, 2021 மே மாதம் சவோனாவில் 9.95. கடைசியாகச் சொன்னது அப்போதைய இத்தாலியச் சாதனை. இடையில் 2020இல் பெருந்தொற்றால் எல்லோரும் முடங்கினார்கள்.

அதைவிட முக்கியமானது 2021 மார்ச். போலந்தின் டோருன் நகரில் நடந்த ஐரோப்பிய உள்ளரங்குப் போட்டியில் 60 மீட்டரை 6.47இல் ஓடித் தங்கம் வென்றார். 60 மீட்டரில் அந்த நேரம் ஓடுபவர், அந்த வேகத்தைக் கடைசி நாற்பது மீட்டருக்கும் காப்பாற்றக் கற்றுக்கொண்டால் எங்கே போய் நிற்பார் என்பது தடகளத்தைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருந்தது. தங்கம் வெல்வார் என்று பெரும்பாலோர் எதிர்பார்க்கவில்லை, அது சரி. எங்கிருந்தோ குதித்தார் என்பது சரியல்ல.

டோக்கியோ இறுதிப் போட்டியில் என்னதான் நடந்தது?

இறுதிப் போட்டிக்கு முன், அரையிறுதியைப் பார்க்க வேண்டும். தகுதிச்சுற்றில் ஜேக்கப்ஸ் 9.94 ஓடினார். மூன்றாவது அரையிறுதியில் சீனாவின் சூ பிங்டியனும் அமெரிக்காவின் ரோனி பேக்கரும் 9.83இல் முடித்தார்கள்; ஜேக்கப்ஸ் 9.84, மூன்றாம் இடம். ஒவ்வோர் அரையிறுதியிலும் முதல் இருவருக்குத்தான் நேரடி இடம். ஐரோப்பியச் சாதனை நேரம் ஓடியும் அவர் நேர அடிப்படையில்தான் உள்ளே வந்தார். ஆண்கள் 100 மீட்டர் ஒலிம்பிக் இறுதிக்கு ஓர் இத்தாலியர் வந்தது அதுவே முதல்முறை.

அன்றிரவு மைதானத்தில் பார்வையாளர்கள் இல்லை. முதல் முயற்சியில் பிரிட்டனின் சார்னெல் ஹியூஸ் துப்பாக்கிச் சத்தத்துக்கு முன்பே கிளம்பி வெளியேற்றப்பட்டார். எல்லோரும் மீண்டும் குனிந்து நின்றார்கள். இம்முறை பாதியைக் கடந்தபோது ஜேக்கப்ஸ் மெல்ல முன்னே வந்தார், வந்தவர் பின்வாங்கவில்லை. ஜேக்கப்ஸ் 9.80, அமெரிக்காவின் ஃபிரெட் கெர்லி 9.84, கனடாவின் ஆந்த்ரே டி கிராஸ் 9.89. அரையிறுதியில் அவரை முந்திய பேக்கர் 9.95இலும் சூ 9.98இலும் முடித்தார்கள். ஒரே மாலையில் இரண்டு பெரும் ஓட்டங்கள். இரண்டாவதில் இன்னும் வேகமாக ஓட முடிந்தவர்தான் வென்றார்.

கோட்டைத் தாண்டியதும் அவரைக் கட்டிக்கொண்டவர் சக இத்தாலியரான ஜான்மார்கோ தம்பேரி. உயரம் தாண்டுதலில் கத்தாரின் முதாஸ் பார்ஷிமோடு தங்கத்தைப் பகிர்ந்துகொண்டு சில நிமிடங்களே ஆகியிருந்தன. அந்தச் சில நிமிடங்களை இத்தாலியில் எந்த விளையாட்டு ரசிகரும் மறக்கப் போவதில்லை.

போல்ட் இல்லை, கோல்மன் இல்லை, பிரோமெல் இல்லை. வெற்றிடத்தில் கிடைத்த தங்கம்தானே?

உசேன் போல்ட் 2017இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். 2019 உலக வெற்றியாளர் கிறிஸ்டியன் கோல்மன், ஊக்கமருந்துச் சோதனையாளர்களுக்குத் தாம் இருக்கும் இடத்தைத் தெரிவிக்கும் விதியை மீறித் தடையில் இருந்தார். டிரேவான் பிரோமெல் அந்த ஆண்டு 9.77 ஓடியிருந்தார், ஆனால் டோக்கியோவில் அவர் இருந்தார், அரையிறுதியில் 10.00 ஓடித் தோற்றார். வந்து தோற்றவரை வராதவர் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கோல்மன் விஷயத்துக்கு விடை எட்டு மாதத்தில் கிடைத்தது. 2022 மார்ச்சில் பெல்கிரேடில் உலக உள்ளரங்கு 60 மீட்டர் இறுதியில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நேரத்தில் வந்தார்கள். இருவருக்கும் 6.41. புகைப்படத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்தபோது ஆயிரத்தில் மூன்று பங்கு வினாடி வித்தியாசத்தில் ஜேக்கப்ஸ் வென்றிருந்தார். 60 மீட்டர் கோல்மனின் கோட்டை. உலகச் சாதனையே அவருடையது. அந்தக் கோட்டைக்குள் போய் அவரை வென்ற பிறகும் 'வெற்றிடம்' என்று சொல்பவர்களுக்கு நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

ஒரே ஆண்டில் இவ்வளவு முன்னேற்றமா? ஊக்கமருந்தாக இருக்காதா?

தங்கம் வென்ற மறுநாளே சில பிரிட்டன், அமெரிக்கப் பத்திரிகைகள் இந்தக் கேள்வியைச் சாடையாக எழுப்பின. 100 மீட்டரின் வரலாறு அப்படி இருப்பதால் கேள்வி கேட்பதைத் தவறென்று சொல்ல மாட்டேன். 1988 ஒலிம்பிக்கில் கனடாவின் பென் ஜான்சன் ஊக்கமருந்தில் சிக்கித் தங்கத்தை இழந்ததை யாரும் மறக்கவில்லை. ஆனால் கேள்விக்குப் பதில் உண்மைகளிலிருந்து வர வேண்டும்.

ஜேக்கப்ஸ் ஊக்கமருந்துச் சோதனை எதிலும் சிக்கியதில்லை. அவர் முன்பு ஆலோசனை பெற்ற உணவு ஆலோசகர் ஒருவரின் பெயர் இத்தாலியில் ஒரு விசாரணையில் அடிபட்டது. அந்த விசாரணை ஜேக்கப்ஸ் மீதானது அல்ல. அவர் தரப்பு அந்தத் தொடர்பை ஒலிம்பிக்குக்கு முன்பே முறித்துக்கொண்டதாகத் தெரிவித்தது.

முன்னேற்றத்தின் அளவைப் பொறுத்தவரை, மேலே கொடுத்த ஆண்டுவாரிக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். 2019இல் 10.03 ஓடியபோது அவர் முழுநேர ஓட்டக்காரராக மாறிய முதல் ஆண்டு. இரண்டு ஆண்டு முழுப் பயிற்சிக்குப் பிறகு கால் வினாடிக்கும் குறைவாகக் குறைத்திருக்கிறார். அன்று வெள்ளி வென்ற கெர்லி, 400 மீட்டரை 43.64இல் ஓடியவர், அந்த ஆண்டுதான் 100 மீட்டருக்குக் கவனத்தைத் திருப்பியிருந்தார். துறை மாறி வந்த இருவர் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தார்கள். ஒருவரைப் பற்றி மட்டும் சந்தேகம் கிளம்பியது.

தொடர் ஓட்டத் தங்கத்தில் இவருடைய பங்கு என்ன? பிரிட்டனின் பதக்கம் ஏன் பறிக்கப்பட்டது?

லொரென்சோ பத்தா, ஜேக்கப்ஸ், ஃபவ்ஸ்தோ டெசாலு, ஃபிலிப்போ தோர்த்து என்ற வரிசையில் இத்தாலி ஓடியது. நேரம் 37.50. பிரிட்டன் 37.51. ஜேக்கப்ஸ் ஓடியது இரண்டாவது கட்டம், எதிர்ப்பக்கத்து நேர்பாதை. ஓடிக்கொண்டே பேட்டன் என்னும் குறுங்கோலை வாங்கி, ஓடிக்கொண்டே கொடுப்பதால் இரண்டாவது ஆள் அதிக தூரம் முழு வேகத்தில் போக வேண்டியிருக்கும். அணியின் மிக வேகமானவரை அங்கே வைப்பது வழக்கம். கடைசிக் கட்டத்தில் பின்தங்கி நின்ற தோர்த்து கோட்டருகே முந்தியதைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு அந்த ஓட்டத்தின் அழகு மூன்றாவதாக வளைவில் ஓடிய டெசாலுவிடம் இருந்தது. அவரைப் பற்றிப் பின்னால் வருகிறது.

பிரிட்டனின் முதல் ஓட்டக்காரர் சிஜே உஜாவின் மாதிரியில் தடைசெய்யப்பட்ட பொருள்கள் கண்டறியப்பட்டதால் 2022இல் அந்த அணியின் வெள்ளி பறிக்கப்பட்டது. கனடா வெள்ளிக்கும் சீனா வெண்கலத்துக்கும் உயர்ந்தன.

இத்தாலியில் இதற்கு முன் பெரிய ஓட்டக்காரர்களே இல்லையா?

இருந்தார்கள், ஆனால் 200 மீட்டரில். 1960 ரோம் ஒலிம்பிக்கில் லிவியோ பெருத்தியும், 1980 மாஸ்கோவில் பியெத்ரோ மென்னேயாவும் 200 மீட்டர் தங்கம் வென்றவர்கள். மென்னேயா 1979இல் மெக்சிகோ நகரில் ஓடிய 19.72 பதினேழு ஆண்டுகள் உலகச் சாதனையாக நின்றது. அதே மெக்சிகோவில் 100 மீட்டரில் அவர் ஓடிய 10.01, 2018 வரை இத்தாலியச் சாதனை. அதை முறியடித்து 9.99 ஓடி, பத்து வினாடிக்குக் கீழே சென்ற முதல் இத்தாலியர் தோர்த்துதான். ஜேக்கப்ஸ் இரண்டாவது.

டோக்கியோவுக்குப் பிறகு காணாமல் போய்விட்டாரே?

காணாமல் போகவில்லை, காயங்கள் அவரைப் பிடித்து வைத்தன. டோக்கியோ முடிந்ததும் அந்த ஆண்டு வேறெங்கும் ஓடாமல் நிறுத்திக்கொண்டார், அதற்கே விமர்சனம் வந்தது. 2022 மே மாதம் நைரோபியில் ஓடப் போன இடத்தில் வயிற்றுக் கோளாறால் படுத்தார். ஜூலையில் ஒரிகான் உலகப் போட்டியில் தகுதிச்சுற்று ஓடிவிட்டுத் தொடைக் காயத்தால் அரையிறுதிக்கு முன் விலகினார். ஒரு மாதத்தில் மியூனிக்கில் 9.95 ஓடி ஐரோப்பியத் தங்கம் வென்றார்.

2023 இன்னும் மோசம். ஐரோப்பிய உள்ளரங்கு 60 மீட்டரில் சக இத்தாலியரான சாமுவேலே செக்கரெல்லியிடம் தோற்று வெள்ளி. புடாபெஸ்ட் உலகப் போட்டியில் 10.05 ஓடி அரையிறுதியோடு வெளியே. தொடர் ஓட்டத்தில் மட்டும் வெள்ளி.

பயிற்சியாளரை ஏன் மாற்றினார்?

2023 இலையுதிர்காலத்தில் கமோஸ்ஸியைப் பிரிந்து, புளோரிடாவின் ஜாக்சன்வில்லில் ரானா ரைடரிடம் சென்றார். அப்போது அங்கே டி கிராஸ் போன்றவர்கள் தினமும் பக்கத்துத் தடத்தில் ஓடினார்கள். ரோமில் அவருக்கு இணையாக ஓட ஆள் இல்லை. தாண்டுபவராக இருந்தவரை ஒலிம்பிக் வெற்றியாளராக்கிய ஆசிரியரைப் பிரிந்தது பலருக்கு வருத்தம். எனக்கும்தான். ஆனால் பிறந்த நாட்டுக்கு, கைக்குழந்தையாக விட்டுவந்த நாட்டுக்கு, இருபத்தொன்பது வயதில் வேலைக்காகத் திரும்பிப் போவது அவருக்கும் எளிதாக இருந்திருக்காது.

பாரிஸில் பதக்கம் இல்லை. அப்படியானால் அந்த மாற்றம் தோல்விதானே?

எண்களைப் பாருங்கள். 2024 ஜூனில் ரோம் ஒலிம்பிக் மைதானத்தில், சொந்த மக்கள் முன்னால், 10.02 ஓடி ஐரோப்பியப் பட்டத்தைத் தக்கவைத்தார். இரண்டாமிடமும் இத்தாலியருக்கே, சித்துரு அலிக்கு. சில நாட்களில் பின்லாந்தின் துர்க்கு நகரில் 9.92. பாரிஸ் ஒலிம்பிக் இறுதியில் 9.85, ஐந்தாமிடம். அவர் வாழ்நாளில் அதைவிட வேகமாக ஓடிய சந்தர்ப்பங்கள் இரண்டே இரண்டு, இரண்டும் டோக்கியோவில் ஒரே மாலையில்.

பாரிஸ் இறுதியில் எட்டாவதாக வந்தவரின் நேரம் 9.91. அமெரிக்காவின் நோவா லைல்ஸும் ஜமைக்காவின் கிஷேன் தாம்சனும் 9.79இல் முடித்து, ஆயிரத்தில் ஐந்து பங்கு வித்தியாசத்தில் லைல்ஸ் வென்றார். முந்தைய வெற்றியாளர் காயங்களின் ஊடே வந்து 9.85 ஓடுவதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். 2025 செப்டம்பரில் மீண்டும் டோக்கியோ, இம்முறை உலகப் போட்டி. அங்கே அரையிறுதியோடு நின்றார். அதைத் தோல்வி என்றால் ஒப்புக்கொள்வேன்.

இவரை மாபெரும் ஓட்டக்காரர்கள் வரிசையில் வைக்கலாமா?

இது நியாயமான, கடினமான கேள்வி. திறந்தவெளி உலகப் போட்டியில் 100 மீட்டர் இறுதியில் அவர் ஒருமுறைகூட ஓடியதில்லை. தோஹா, ஒரிகான், புடாபெஸ்ட், டோக்கியோ நான்கிலும் அதற்கு முன்பே பயணம் முடிந்தது. ஆண்டுதோறும் ஆளும் வீரர்களின் வரிசையில் அவருக்கு இடமில்லை. அவரை நேசிக்கும் நானே இதைச் சொல்கிறேன்.

ஆனால் இரண்டு ஒலிம்பிக் இறுதிகளிலும் அவர் 9.80, 9.85 ஓடினார். பெரிய மாலைகளில் அதிகபட்சத்தைக் கொடுத்தவர் என்ற வரிசை ஒன்று உண்டு. அதில் அவரை முன்னணியில் வைப்பேன்.

கறுப்பினத் தந்தைக்குப் பிறந்தவரை இத்தாலியர்கள் முழுமனதோடு ஏற்றுக்கொண்டார்களா?

அவரைக் கொண்டாடினார்கள். டோக்கியோ நிறைவு விழாவில் இத்தாலியக் கொடியை ஏந்தியவர் அவர்தான். ஆனால் ஒருவரைக் கொண்டாடுவதும் அவர்போன்றவர்களை ஏற்பதும் ஒன்றல்ல. கைப்பந்து வீராங்கனை பாவ்லா எகோனு, நைஜீரியப் பெற்றோருக்கு இத்தாலியில் பிறந்தவர். 2022 உலகப் போட்டியில் வெண்கலம் வென்ற பிறகு, 'நீ இத்தாலியரா' என்று தன்னைக் கேட்கிறார்கள் என்று மனம் நொந்து, தேசிய அணியிலிருந்து விலகி நிற்கப்போவதாகச் சொன்னார். 2024 பாரிஸில் அணியோடு தங்கம் வென்றார். அதைக் கொண்டாடி ரோமில் வரையப்பட்ட சுவரோவியத்தில், அவருடைய தோலின் நிறத்தை யாரோ இளஞ்சிவப்புச் சாயத்தால் மூடினார்கள். ஜேக்கப்ஸ் வென்ற அதே நாட்டில்தான் இதுவும் நடந்தது.

ஜேக்கப்ஸும் டெசாலுவும் ஒரே அணியில் ஓடினார்கள். இருவர் நிலையும் ஒன்றுதானே?

களத்தில் ஒன்று, சட்டத்தின் முன் வேறு. இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். டெசாலு பிறந்தது இத்தாலியின் காசல்மஜ்ஜோரே ஊரில், 1994இல். ஜேக்கப்ஸ் பிறந்ததும் அதே ஆண்டு, ஆனால் டெக்சாஸில். இத்தாலியில் பிறந்த டெசாலு குடிமகன் ஆகவில்லை, ஏனென்றால் பெற்றோர் நைஜீரியர்கள். அமெரிக்காவில் பிறந்த ஜேக்கப்ஸ் பிறக்கும்போதே இத்தாலியக் குடிமகன், ஏனென்றால் தாய் இத்தாலியர். 1992ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பிறந்த மண்ணைவிட இரத்த உறவையே பெரிதாக எடுத்துக்கொள்கிறது. வெளிநாட்டுப் பெற்றோருக்கு இத்தாலியில் பிறந்த பிள்ளை, இடைவிடாமல் அங்கேயே வாழ்ந்து, பதினெட்டு நிறைந்ததும் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். டெசாலு 2012 வரை காத்திருந்து, அதன் பிறகே இத்தாலிச் சீருடையில் ஓடினார்.

பத்து வயதுக்கு முன்பிருந்தே இத்தாலியில் சட்டப்படி வசிக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகள், இத்தாலியப் பிள்ளைகளைப் போலவே விளையாட்டுக் கழகங்களில் பதிவு செய்துகொள்ளலாம் என்று 2016இல் ஒரு சட்டம் வந்தது. அது உதவிதான், ஆனால் தேசிய அணிக்கு அது போதாது, குடியுரிமை வேண்டும். டோக்கியோ முடிந்ததும் அப்போதைய இத்தாலிய ஒலிம்பிக் குழுத் தலைவர் ஜொவான்னி மலாகோ, தகுதியுள்ள விளையாட்டு வீரர்களுக்குப் பதினெட்டு நிறைந்த உடனேயே தாமதமின்றிக் குடியுரிமை கிடைக்க வேண்டும் என்று கேட்டார். அரசியல் கட்சிகள் சில நாள் பேசின, பிறகு விட்டுவிட்டன. வெளிநாட்டவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தேவையான வசிப்புக் காலத்தைப் பத்திலிருந்து ஐந்து ஆண்டாகக் குறைக்கக் கேட்டு 2025 ஜூனில் நாடு தழுவிய வாக்கெடுப்பு நடந்தது. செல்லுபடியாவதற்குப் பாதிக்கு மேற்பட்டோர் வாக்களித்திருக்க வேண்டும். வந்தவர்கள் ஏறத்தாழ 30 சதவீதம். அந்தப் பத்தாண்டு விதி மாறவில்லை.

இவரைப்போல இரண்டு பாரம்பரியம் கொண்ட ஓட்டக்காரர்கள் வேறு யார்?

நிறையப் பேர். தொடர்ந்து பார்க்கத் தகுந்த இருவரைச் சொல்கிறேன். ஜப்பானின் அப்துல் ஹக்கீம் சானி பிரவுன், கானா நாட்டுத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்தவர். 2015இல் உலக இளையோர் போட்டியில் 100, 200 இரண்டையும் வென்றார். 200இல் அவர் ஓடிய 20.34, அந்தப் போட்டியில் போல்ட் வைத்திருந்த சாதனையை முறியடித்தது. 2022, 2023 இரண்டு உலகப் போட்டிகளிலும் 100 மீட்டர் இறுதிக்கு வந்தார். பாரிஸில் 9.96 ஓடியும் அரையிறுதியைத் தாண்ட முடியவில்லை.

இன்னொருவர் சுவிட்சர்லாந்தின் முஜிங்கா கம்புண்ட்ஜி. தந்தை காங்கோவைச் சேர்ந்தவர், தாய் சுவிஸ், வளர்ந்தது பெர்ன் நகரில். ஜேக்கப்ஸ் கோல்மனை வென்ற அதே 2022 பெல்கிரேடு போட்டியில் பெண்கள் 60 மீட்டரை 6.96இல் வென்றவர் அவர். 2025இல் நான்ஜிங்கில் மறுபடியும் அதே பட்டத்தை வென்றார்.